வலி சொன்னதைக் கேட்ட டாக்டர்

ராத்திரி 3 மணி. நல்ல தூக்கம். திடீர்னு முழிப்பு வருது. வலது கை உங்க கை மாதிரியே இல்ல. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூணும் மரத்துப்போய் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. எழுந்து உட்கார்ந்து கையை நாலு உதறு உதறினதும் சரியாகுது. மறுபடி படுத்துடுறீங்க. காலையில அதை மறந்தும் போயிடுறீங்க.

இப்படி உங்களுக்கு நடந்திருந்தா, இந்தக் கட்டுரையைக் கொஞ்சம் நிதானமா படிங்க.

எங்க மியூசிக் கிளப்ல கீபோர்டு வாசிக்கிற நண்பன் ஒருத்தன் இருக்கான். மணப்பாறைக்காரன். சின்ன வயசுலேர்ந்து பியானோ கத்துக்கிட்டவன். கல்ச்சுரல்ஸ் நெருங்க நெருங்க தினமும் நாலு மணி நேரம் ப்ராக்டிஸ். அது போக லேப்டாப்ல அசைன்மென்ட். மணிக்கட்டு வலி வந்தா ஸ்ப்ரே அடிச்சுக்கிட்டு மறுபடி உட்காருவான். அப்புறம் ராத்திரி மரத்துப்போறதும் சேர்ந்துக்கிச்சு. கடைசியா டாக்டர்கிட்ட போனான். ராத்திரி தூங்கும்போது மட்டும் மணிக்கட்டுல போட்டுக்கச் சொல்லி ஒரு ஸ்ப்ளின்ட் குடுத்து அனுப்பினாங்க. உள்ளே ஒரு தகடு, வெளியே துணி, ஒட்டுற பட்டை. அவ்வளவுதான். ஹாஸ்டல் முழுக்க சிரிச்சோம். வலி வர்றது வாசிக்கும்போது, பெல்ட் போடுறது தூங்கும்போதான்னு கேலி பண்ணினோம். அவனுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

அந்தச் சந்தேகத்துக்குப் பதில் தேடினப்பதான் நான் ஒரு மனுஷரோட கதைக்குள்ள போய் விழுந்தேன். அவர் பெயர் டாக்டர் பால் பிராண்ட். நம்ம ஊர்லேர்ந்து குளித்தலை, முசிறி தாண்டி வடக்கே போனா வர்ற கொல்லிமலையில வளர்ந்தவர். கையைப் பத்தி உலகத்துக்கே பாடம் எடுத்தவர்.

கொல்லிமலைப் பையன்

பால் பிராண்ட் 1914-இல் பிறந்தார். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின், இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். அப்போது கொல்லிமலைக்கு ரோடு கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது. மலேரியா மட்டும் தாராளமாக இருந்தது. அப்பா முழு டாக்டர் இல்லை. ஆனாலும் மலை மக்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார்.

அந்தக் காலத்தில் மலைக் கிராமங்களில் நரம்புச் சிலந்தி என்ற நோய் இருந்தது. குடிக்கிற தண்ணீர் வழியாக உள்ளே போகும் புழு, நீளமாக வளர்ந்து காலில் கொப்புளமாகி வெளியே தலைகாட்டும். பிடித்து வெடுக்கென்று இழுத்தால் அறுந்து, உள்ளே சீழ் வைத்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இழுக்க வேண்டும். அப்பா அப்படிப் பொறுமையாக வைத்தியம் பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்த பையன் இவர். உடம்பிடம் அவசரம் செல்லாது என்பது அவர் வாழ்க்கை முழுக்கத் திரும்பத் திரும்ப வரப்போகும் பாடம்.

இன்னொரு நினைவும் அவரை விடவில்லை. ஒருநாள் தொழுநோய் பாதித்தவர்கள் சிலர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். யாரையும் தொட்டு வைத்தியம் பார்க்கும் அப்பா, அன்று மட்டும் கையுறை மாட்டிக்கொண்டார். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்னார். அந்தப் பயம் பையன் மனதிலும் ஒட்டிக்கொண்டது.

9 வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அதற்குப் பிறகு அப்பாவைப் பார்க்கவே இல்லை. 1929-இல் ஜெஸ்ஸி மலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். அம்மா ஈவ்லின் மலையை மறக்கவில்லை. வயதான காலத்தில் மூங்கில் கம்புகளை ஊன்றிக்கொண்டு மலை மலையாக நடந்து, 95 வயதில் 1974-இல் இறந்தார்.

கொத்தனார் வேலையிலிருந்து ஆபரேஷன் தியேட்டர்

இங்கே இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு ஒரு சந்தோஷமான விஷயம். பால் பிராண்ட் முதலில் டாக்டருக்குப் படிக்கவில்லை. சின்ன வயதில் பார்த்த சீழும் ரத்தமும் மருத்துவத்தின் மேல் ஒரு வெறுப்பையே உண்டாக்கியிருந்தன. பள்ளி முடித்ததும் கட்டட வேலையில் சேர்ந்தார். தச்சு வேலை, கல் வேலை, கொத்து வேலை என்று பல வருஷம் கையால் கற்றுக்கொண்டார். எந்த மரம் எவ்வளவு வளையும், எந்த மூட்டு எவ்வளவு பாரம் தாங்கும் என்பதெல்லாம் அவருக்கு அங்கேயே பழகிவிட்டது.

அதன் பிறகுதான் மனம் மாறி, லண்டனில் மருத்துவம் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு நடந்த காலம். நொறுங்கிய கைகளும் கால்களும் வந்துகொண்டே இருந்தன. கையின் நுட்பத்தை அங்கே படித்தார். கூடப் படித்த மார்கரெட்டை 1943-இல் திருமணம் செய்துகொண்டார். அவர் பின்னாளில் தொழுநோயால் பாதிக்கப்படும் கண்களுக்கான மருத்துவத்தில் பெயர் பெற்றார். 1946-இல் பால் பிராண்ட் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

ஒரு கை குலுக்கல்

வேலூருக்கு வந்த புதிதில், தொழுநோய் நிபுணரான டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அங்கே பார்த்த கைகள் எல்லாம் கழுகின் நகம் மாதிரி வளைந்திருந்தன. இத்தனை பேருக்கு இப்படிக் கை மடங்கிப்போயிருக்கிறதே, ஏன் ஓர் எலும்பு மருத்துவர்கூட இதை ஆராயவில்லை என்று பிராண்டுக்கு ஆச்சரியம்.

ஒரு நோயாளியிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். வலுவே இருக்காது என்று நினைத்திருந்தார். அந்த ஆள் பிடித்த பிடியில் பிராண்டுக்கு உயிர் போனது! அந்த ஒரு நொடியில் அவருக்குள் இருந்த கட்டட வேலைக்காரர் முழித்துக்கொண்டார். கை செத்துப்போகவில்லை. உள்ளங்கையில் இருக்கும் சின்னத் தசைகளுக்குப் போகும் நரம்புதான் பழுதாகியிருக்கிறது. முன்கையில் இருக்கும் பெரிய தசைகள் நல்ல பலத்தோடு இருக்கின்றன. அப்படியென்றால் நல்லா இருக்கிற தசை ஒன்றின் நாணைப் பிரித்து, வழியை மாற்றி, விரல்களில் கொண்டுபோய் இணைத்தால் என்ன? ஒரு கப்பியின் கயிற்றை எடுத்து இன்னொரு கப்பியில் மாட்டுவது மாதிரி.

1940-களின் கடைசியில் அந்த அறுவை சிகிச்சைகள் தொடங்கின. விரல்கள் திறந்தன. ஆனால் கதை அங்கே முடியவில்லை. குணமான சிலர் முகம் வாடித் திரும்பி வந்தார்கள். மடங்கின கைக்குப் பிச்சை கிடைத்தது, நேரான கைக்கு அதுவும் இல்லை. தொழுநோயாளி என்று தெரிந்தால் யாரும் வேலை தரமாட்டார்கள். கையைச் சரி பண்ணினால் போதாது, அந்தக் கைக்கு ஒரு பிழைப்பும் வேண்டும் என்று பிராண்டுக்குப் புரிந்தது. மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே எளிய குடிசைகள் போட்டு நவஜீவ நிலையம் என்ற இடம் உருவானது. அங்கே தானே தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார். பழைய தொழில் கைகொடுத்தது.

பூட்டும் சாவியும்

அங்கேதான் பெரிய திருப்பம். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைப் பிராண்டால் திறக்க முடியவில்லை. ஒரு சின்னப் பையன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். இவ்வளவு பலமா என்று பார்த்தால், அவன் விரலிலிருந்து ரத்தம் சொட்டுகிறது. சாவி எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டியிருக்கிறது. பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அதுவரைக்கும் தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும் என்றுதான் ஊரும் உலகமும் நம்பியது. பிராண்டும் அவர் குழுவும் ஒவ்வொரு காயத்தையும் துப்பறிவாளர் மாதிரி பின்தொடர்ந்தார்கள். ஒருத்தர் சூடான பாத்திரத்தைத் தொட்டிருப்பார். ஒருத்தர் சுத்தியல் பிடியில் ஆணி குத்துவது தெரியாமல் வேலை செய்திருப்பார். ராத்திரியில் தூங்கும்போது விரல் குறைந்துபோன மர்மத்துக்கும் விடை கிடைத்தது. எலி கடித்திருக்கிறது, ஆள் எழுந்திருக்கவே இல்லை! அதற்கப்புறம் வீடு திரும்புகிறவர்களுக்கு ஒரு பூனையையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினார்கள்.

நோய் நேரடியாக விரலைத் தின்னவில்லை. நோய் வலியைத் தின்றது. வலி இல்லாததால் விரல் போனது. பிராண்டின் வாழ்க்கையை இந்த இரண்டு வரியில் சொல்லிவிடலாம்.

அந்த ஒரு ராத்திரி

இப்போ நம்ம 3 மணி முழிப்புக்கு ரொம்பப் பக்கத்துல வர்றோம்.

1950-களின் தொடக்கம். வெளிநாட்டுப் பயணம் முடித்து, ரயிலில் நீண்ட நேரம் உட்கார்ந்து லண்டன் வந்து சேர்ந்தார் பிராண்ட். உடம்பு சரியில்லை. ராத்திரி சாக்ஸைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசி எடுத்துக் குத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. இத்தனை வருஷம் தொழுநோயாளிகளோடு இருந்தவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. தனக்கும் வந்துவிட்டது என்றே நினைத்தார். மனைவி, பிள்ளைகள், அறுவை சிகிச்சை எல்லாமே முடிந்தது என்று விடிய விடியத் தூங்காமல் கிடந்தார்.

விடிந்ததும் மறுபடி ஊசியால் குத்தினார். சுரீர் என்று வலித்தது. வாழ்க்கையில் எந்த வலிக்கும் அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. நடந்தது என்ன? ரயிலில் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்ததில் ஒரு நரம்பு நசுங்கி மரத்திருந்தது. ஓய்வு கிடைத்ததும் திரும்பிவிட்டது.

நசுங்கின நரம்பு மரத்துப்போகும், அழுத்தம் போனால் மீளும். இதை நினைவில் வெச்சுக்கோங்க.

மாவுக்கட்டின் பொறுமை

பிராண்ட் வேலூரில் ஸ்ப்ளின்ட்டும் மாவுக்கட்டும் நிறையப் பயன்படுத்தினார். பாதம் உள்பக்கம் திரும்பிப் பிறக்கும் குழந்தைகளுக்குக் கட்டுப் போடும்போது, குழந்தையைப் பசியோடு கொண்டுவரச் சொல்வார். அம்மா பால் கொடுக்கும்போது இவர் பாதத்தை மெல்லத் திருப்புவார். கண் பாதத்தில் இருக்காது, குழந்தையின் முகத்தில் இருக்கும். குழந்தை பால் குடிப்பதை நிறுத்தினால் தன் கை அதிகமாகப் போய்விட்டது என்று அர்த்தம். அந்த இடத்திலேயே நிறுத்திக் கட்டுப் போட்டுவிடுவார். அடுத்த முறை இன்னும் கொஞ்சம்.

விறைத்துப்போன விரல்களுக்கும் இதே முறைதான். பலமாக இழுத்தால் திசு கிழியும், வீங்கும், ஆறும்போது இன்னும் விறைக்கும். லேசான விசையை நீண்ட நேரம் கொடுத்தால் திசு தானே அந்த நிலைக்கு வளர்ந்துகொடுக்கும். கட்டின் வேலை கையை அடக்குவது இல்லை. உடம்பு தன் வேலையைச் செய்ய அதற்கு நேரம் வாங்கித் தருவது.

1966-இல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே இன்ஜினியர்களோடு சேர்ந்து ஆராய்ச்சி. எலியின் பாதத்தில் லேசான அழுத்தத்தை இயந்திரத்தால் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு தடவைக்கு ஒன்றுமே செய்யாத அந்த அழுத்தம், நாள் முழுக்க ஆயிரக்கணக்கான தடவை, நாள்தோறும் விடாமல் கொடுத்தபோது பாதம் வீங்கிப் புண்ணாகிவிட்டது. எண்ணிக்கையைக் குறைத்து இடையில் ஓய்வு விட்டபோது, பாதம் தடித்துத் தன்னைப் பலப்படுத்திக்கொண்டது. அதே அழுத்தம்தான். வித்தியாசம் ஓய்வில் இருந்தது.

பியானோ வாசிப்பவருக்கும் கோடு அடிப்பவருக்கும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஒரு கீயை அழுத்த எவ்வளவு விசை வேண்டும்? ரொம்பக் கொஞ்சம். எத்தனை ஆயிரம் தடவை, நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதுதான் கேள்வி.

தோற்றுப்போன ப்ராஜெக்ட்

நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஊத்திக்கிட்டா அழுறோம் இல்லையா? பிராண்டின் பெரிய ப்ராஜெக்டும் தோற்றது. வலி தெரியாதவர்களுக்குச் செயற்கை வலி செய்து கொடுப்போம் என்று கிளம்பினார்கள். கையுறையில் சென்சார், அழுத்தம் கூடினால் எச்சரிக்கை. முதலில் சத்தம் வைத்தார்கள். நோயாளிகள் கண்டுகொள்ளவில்லை. விளக்கு எரிய வைத்தார்கள். அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் உணர்ச்சி இருக்கும் அக்குளில் மின் அதிர்ச்சி. அப்போது என்ன நடந்தது தெரியுமா? முரட்டு வேலை செய்யும் முன்பு சுவிட்சை அணைத்துவிட்டு, வேலை முடிந்ததும் போட்டுக்கொண்டார்கள்!

வருஷக்கணக்கில் உழைத்த பிறகு அதைக் கைவிட்டார்கள். எந்த சென்சாரும் நம் விரல் நுனிக்கு ஈடாகவில்லை. அணைக்க முடியாததுதான் வலியின் பலம் என்று பிராண்ட் புரிந்துகொண்டார்.

இதைப் படிச்சப்ப எனக்கு எங்க கீபோர்டு நண்பனோட ஸ்ப்ரே பாட்டில்தான் ஞாபகம் வந்தது. அவனும் அந்த சுவிட்சைத்தான் அணைச்சுக்கிட்டு இருந்தான். நாம எல்லாரும் அதைத்தான் பண்றோம்.

சரி, ராத்திரி ஏன்?

மணிக்கட்டுக்குள்ள ஒரு குறுகின சுரங்கப்பாதை இருக்கு. அடியிலும் பக்கத்திலும் எலும்பு, மேலே ஒரு கெட்டியான பட்டை. அந்தச் சின்ன இடத்துல 9 தசைநாணும் ஒரு நரம்பும் போகுது. மணிக்கட்டை முன்னாடியோ பின்னாடியோ மடக்கினா உள்ளே அழுத்தம் கூடும். தூக்கத்துல நாம கையைத் தலையணைக்கடியில மடக்கி வெச்சு மணிக்கணக்கா கிடப்போம். பகல்ல வாசிச்சு வாசிச்சு நாண்களைச் சுத்தி ஏற்கெனவே வீக்கம் இருந்தா, நரம்பு நசுங்கும். பிராண்டின் குதிகால் கதைதான், இடம் மட்டும் வேற. அந்த நரம்பு போற விரல்கள்தான் கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி.

பகல்ல வலிச்சா கையை எடுத்துடலாம். தூக்கத்துல யார் எடுப்பாங்க? அந்தக் காவல் வேலையைத்தான் ஸ்ப்ளின்ட் செய்யுது. அதனால, டாக்டர் போடச் சொன்னா இதையெல்லாம் கவனிங்க:

மணிக்கட்டு நேராக இருக்கணும். கடையில விக்கிற சிலதுல தகடு பின்பக்கம் வளைஞ்சிருக்கும். அதை நேராக்கலாமான்னு கேளுங்க. விரல்கள் தாராளமா மடங்கணும். பட்டையை இறுக்கிக் கட்டினா அதுவே நரம்பை அழுத்தும். ஒரே ராத்திரியில மாயம் எதிர்பார்க்காதீங்க, வழக்கமா சில வாரம் போட்டுப் பார்க்கச் சொல்வாங்க. அதைப் போட்டுக்கிட்டு பியானோ வாசிக்காதீங்க. மணிக்கட்டு அசையலைன்னா அந்தப் பாரம் விரலுக்கும் முழங்கைக்கும் தோளுக்கும் போகும். கூடவே ப்ராக்டிஸ் நேரத்தையும் உடைக்கணும். நாற்காலி உயரம் முன்கை கீபோர்டோட சமமா வர்ற மாதிரி இருக்கணும்.

எல்லா மணிக்கட்டு வலியும் இது இல்ல. கட்டை விரல் பக்கம் மட்டும் வலிச்சா அது வேறயா இருக்கலாம், கட்டும் வேற மாதிரி. பகல்லயும் மரத்துப்போறது, கையில பிடிச்ச பொருள் நழுவுறது, கட்டை விரல் அடிச்சதை மெலியுறது இதெல்லாம் இருந்தா பெல்ட் வாங்கிப் போட்டு நாளைக் கடத்தாதீங்க. உடனே டாக்டரைப் பாருங்க.

கையில கருவி மாட்டுறதுன்னதும் இன்னொருத்தர் கதையும் ஞாபகம் வரும். ராபர்ட் ஷூமன், ஜெர்மானிய இசை மேதை. பியானோ கலைஞராகணும்னு வெறியோட பயிற்சி பண்ணினவர். விரலைப் பலப்படுத்த ஒரு கருவியும் பயன்படுத்தினார். 1832 வாக்கில் அவர் வலது கை நடுவிரல் பழுதாகி, மேடைக் கனவு போயிடுச்சு. காரணம் கருவியா, வேற நோயா, மிதமிஞ்சின பயிற்சியான்னு ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுறாங்க. அவர் இசையமைப்பாளரானது உலகத்துக்கு லாபம். ஆனா அந்த இளைஞனுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. கையை ஜெயிக்கக் கருவி மாட்டுறது வேற. கைக்கு ஓய்வு கொடுக்க மாட்டுறது வேற.

கடைசியா

பால் பிராண்ட் 1985-இல் கையின் இயக்கவியல் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். விசை, நெம்புகோல், உராய்வு எல்லாம் வரும் மருத்துவ நூல் அது. மெக்கானிக்கல் நண்பர்கள் எடுத்துப் பார்க்கலாம். 2003 ஜூலை 8-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் இறந்தார். அவர் தொடங்கிய வேலை வேலூரிலும் கரிகிரியிலும் தொடர்ந்தது.

எங்க நண்பன் இந்த வருஷம் கல்ச்சுரல்ஸ்ல ரெண்டு பாட்டுக்கு மட்டும்தான் வாசிச்சான். மீதியை ஜூனியர் பார்த்துக்கிட்டான். அவனுக்கு வருத்தம்தான். ஆனா ராத்திரி மரத்துப்போறது குறைஞ்சிருக்கு.

லீவுக்கு ஊருக்குப் போனப்ப இன்னொண்ணு கவனிச்சானாம். அவங்க அம்மா வருஷக்கணக்கா கடைக்கு முறுக்கு பிழியறவங்க. நடுராத்திரி எழுந்து உட்கார்ந்து கையை உதறிக்கிட்டு இருந்தாங்களாம். எப்பலேர்ந்து இப்படின்னு கேட்டா, அது கிடக்குதுடான்னு சொல்லிட்டுப் படுத்துட்டாங்களாம். இத்தனை வருஷம் அதே வீட்டுலதான் இவனும் தூங்கினான்.

மறுநாள் காலையில முதல் வேலையா அம்மாவைக் கூட்டிக்கிட்டு டாக்டர்கிட்ட போயிருக்கான். நீங்களும் இந்த வாரம் வீட்டுக்குப் போன் பண்ணும்போது, சாப்பிட்டீங்களான்னு கேட்டதோட நிறுத்தாதீங்க. ராத்திரி கை மரத்துப்போகுதான்னும் ஒரு வார்த்தை கேளுங்க.